எம்பத்தஞ்சு சைஸும் ஒரு வாழைத்தாரும்

நான் ஒரு காலத்தில் ஓர் அளவாக இருந்தவன். அளவோடு இருந்தவன் என்று எழுத வந்து தவறிவிடவில்லை. அளவாகவேதான் இருந்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் யாராவது 'எம்பத்தஞ்சு சென்டிமீட்டர்' என்று சொன்னால், மற்றவர்கள் டேப்பைத் தேடமாட்டார்கள், என்னைத் தேடுவார்கள். அந்தப் பதவியை நான் பழம் தின்றே இழந்தேன். குடித்து வேலையை இழந்தவர்கள் உண்டு, சீட்டாடி இழந்தவர்கள் உண்டு. வாழைப்பழத்தால் இழந்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

பழமும் காய்கறியும் சாப்பிட்டால் உடம்பு போடுமா என்று இப்போதும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் பேச்சுவாக்கில் கேட்பதுண்டு. என் பிள்ளைகள் பதில் சொல்வதில்லை. என் பக்கம் கையைக் காட்டிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்புக்கு என்ன காரணம் என்பதை ஒரு முறையாவது நானே என் வாயால் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். (மற்றவர்கள் சொன்னால் எடையைக் கூட்டிச் சொல்கிறார்கள்.)

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது. எங்கள் கம்பெனி என்பது ஓட்டுக்கூரைக்குக் கீழே பன்னிரண்டு தையல் மிஷின்கள், நீளமாக ஒரு கட்டிங் மேஜை, பிசிறு வெட்டி மடித்து வைக்க எட்டுப் பெண்கள், அப்புறம் ஒரே ஒரு மின்விசிறி. அந்த மின்விசிறி முதலாளியின் அறையில் இருந்தது. நான் இருந்தது நூல் குடோனில். காலையிலிருந்து சாயங்காலம் வரை நூல் மூட்டைகளை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் தூக்கிப்போடுவது என் வேலை.

ஒரு நாள் கட்டிங் மாஸ்டர் ரங்கசாமி அண்ணன் குடோனுக்குள் வந்து, "தம்பி, சட்டையக் கழட்டுங்க" என்றார். எதற்கு என்று கேட்கும் வழக்கம் அப்போது கிடையாது. கழற்றினேன். மார்பைச் சுற்றி டேப்பை வைத்தார். எண்பத்தைந்து. நூல் பிசகவில்லை. ஒரு பனியனைப் போடச் சொன்னார். என்னைச் சுற்றி ஒரு தரம் நடந்து வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எத்தனையோ வரன் பார்த்து அலுத்துப்போன தகப்பனுக்குக் கடைசியில் மாப்பிள்ளை அமைந்தது போல இருந்தார்.

ரங்கசாமி அண்ணனுக்கு ஒரு கொள்கை இருந்தது. "டேப்பு பொய் சொல்லுமுங்க. பனியன் துணி இழுத்தா வரும், உட்டாப் போயிரும். ஒடம்புதான் பொய் சொல்லாது" என்பார். அதனால் எந்தப் புது மாடல் வெட்டினாலும் அதை ஓர் ஆள் மேல் போட்டுப் பார்த்துத்தான், துணி வெட்ட அளவாக வைக்கும் வெட்டு அட்டையை முடிவு செய்வார். அந்த ஆளாக நான் ஆனேன். குடோனிலிருந்து முதலாளியின் அறைக்கு மாற்றினார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு ஸ்டூல். பெட்டிகளின் மேல் ஒட்டும் சீட்டுகளில் ஊர்ப் பெயர் எழுதுவேன். கூப்பிட்டால் எழுந்து போய்ப் பனியன் போட்டுக்கொண்டு கையை விரித்து நிற்பேன். அவ்வளவுதான் வேலை.

என் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "என்ற பையன் இப்பப் பேனுக்கு அடியில உக்காந்து வேலை பாக்கறானுங்க" என்று சொல்லிவிட்டார். (பக்கத்து வீட்டு அக்கா அதைத் தலையில் இருக்கும் பேன் என்று எடுத்துக்கொண்டு ஒரு வாரம் எனக்காக வருத்தப்பட்டிருக்கிறார்.) அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா காடு காடாகக் கூலிக்குப் போய்ப் படிக்க வைத்த பிள்ளை நான். அந்த ஸ்டூல் எங்கள் வீட்டுக்குச் சிம்மாசனம் மாதிரி.

கம்பெனியில் என் பெயரே மாறிவிட்டது. பழனிச்சாமி என்று யாரும் கூப்பிடுவதில்லை. "எம்பத்தஞ்சு, இங்க வாங்க." "எம்பத்தஞ்சு சாப்புடப் போயிருக்குதுங்க." எனக்கு அதில் பெருமைதான்.

ஆறு மாதம் போனது. ஒரு நாள் முதலாளி என்னையும் ரங்கசாமி அண்ணனையும் கூப்பிட்டார்.

"கை வெச்ச பனியன் ஒண்ணு புதுசாப் போடறோம். மெட்ராஸ்காரரு ஆடி கழிஞ்சு நேர்ல வர்றாரு. ஆள் மேல போட்டுக் காட்டோணும்னு சொல்லிப்போட்டாரு. புடிச்சுதுன்னா வருஷம் முச்சூடும் அவரு சரக்கு நம்முளதுதான்."

பிறகு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"தம்பி, இந்த ஆர்டர் வந்துட்டா உங்க வேலை ஆபீஸ்லயே நிரந்தரம். அதுவரைக்கும் நீங்க இதே எம்பத்தஞ்சுல நிக்கோணும். கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம். தப்பிப்போனா மறுபடி குடோன்தான், சொல்லிட்டேன்."

அன்றைக்கே ரங்கசாமி அண்ணன் புது மாடலில் முதல் பனியனை வெட்டித் தைத்து எனக்குப் போட்டுப் பார்த்தார். கச்சிதம். அதைக் கழற்றி, 'ஒண்ணாம் நம்பர்' என்று சீட்டு எழுதிக் குத்தி முதலாளியின் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அந்த ஒண்ணாம் நம்பரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

நான் பயந்துபோனேன். மூட்டை தூக்கியவன் ஆறு மாதமாக ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா வேறு, ஆபீஸ் பிள்ளை என்று தட்டில் அம்பாரமாகச் சோறு போடுகிறார். இப்படியே போனால் மெட்ராஸ்காரர் வருவதற்குள் தொண்ணூறு ஆகிவிடுவேனே! நேராகக் கடைவீதியில் இருந்த கம்பவுண்டரிடம் போனேன்.

"சதை போடாம இருக்கறதுக்கு என்னங்க பண்ணோணும்?"

அவர் மருந்து கலக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "சோத்தைக் கொறைங்க தம்பி. காயும் பழமுமாச் சாப்புடுங்க. ஒண்ணும் ஆவாது."

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்திருப்பான்? இரண்டு கரண்டி சோற்றைக் குறைத்துவிட்டு அவரைக்காய்ப் பொரியல் சாப்பிட்டிருப்பான். நான் சாதாரண மனிதன் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் தமிழில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மதிப்பெண் வாங்கியவன். கம்பவுண்டரின் வாக்கியத்தைப் பதம் பிரித்துப் பொருள் கண்டேன். காயும் பழமும். அதாவது, பெயரில் 'காய்' இருந்தால் அது காய். 'பழம்' இருந்தால் பழம். இரண்டும் இல்லாதது எதுவானாலும் தொடக்கூடாது.

மறுநாள் காலையிலிருந்து விரதம் ஆரம்பமானது.

"கீரை கடைஞ்சிருக்கறன் கண்ணு."

"கீரையில காய் எங்கம்மா இருக்குது?"

"கொள்ளு ரசம் வெச்சிருக்கறன், அதையாவது குடி சாமி."

"அது பருப்பு வகையம்மா. ஆவாது."

"அப்ப என்னதான் திங்கறது?"

"தேங்காய் இருக்குதில்ல?"

ஆம், தேங்காய். பெயரிலேயே காய். பச்சைத் தேங்காயை அரைமூடி கடித்துத் தின்றால் காலைப் பலகாரம் முடிந்தது. மத்தியானத்துக்கு எண்ணெய்க் கத்தரிக்காய். (அதில் எண்ணெய் இருக்கிறதே என்று அம்மா கேட்டார். கத்தரிக்காய்க்குத்தான் எண்ணெய் அடைமொழி, முக்கியச் சொல் காய்தான் என்று விளக்கினேன்.) அதற்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய். அதுவும் காய்தானே! சாயங்காலம் வேகவைத்த கடலைக்காய் ஒரு படி. எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்குக் கடலைக்காய் என்றுதான் பெயர். வேறு ஊரில், அதை வெறும் கடலை என்று சொல்லும் ஊரில் பிறந்திருந்தால் அன்றைக்கே தப்பித்திருப்பேன். டீக்கடையில் வாழைக்காய் பஜ்ஜி, அதற்குத் துணையாக மிளகாய் பஜ்ஜி. டீ மட்டும் குடிக்கமாட்டேன். அதில் காயும் இல்லை, பழமும் இல்லை. என் கட்டுப்பாட்டைப் பார்த்து டீக்கடைக்காரரே மெச்சினார்.

பழத்தின் பக்கம் என் மாமா பொறுப்பெடுத்துக்கொண்டார். அம்மாவின் தம்பி. மடத்துக்குளத்தில் ஆற்றுப் பாசனத்தில் வாழையும் தென்னையும் வைத்திருந்தார். "மாப்பிள்ளை பழந்தான் சாப்புடறாராமா" என்று காதில் விழுந்ததும் வாராவாரம் பஸ் கூரையில் ஒரு வாழைத்தாரை ஏற்றி அனுப்பிவிட்டார். ஒரு வாரம் செவ்வாழை, மறு வாரம் நேந்திரம். நடுவில் ஒரு முழுப் பலாப்பழம். ஒரு வேளைக்கு ஒரு சீப்பு என்று கணக்கு வைத்துக்கொண்டேன். பசித்தால் இன்னொரு சீப்பு. சோறு ஒரு பருக்கை கிடையாது! பழையசோற்றைப் பார்க்கும்போது மட்டும் மனம் தடுமாறும். பழையதுக்கும் பழத்துக்கும் ஏதாவது சொல் உறவு இருக்கக்கூடாதா என்று யோசித்தேன். இலக்கணம் இடம் கொடுக்கவில்லை. விட்டுவிட்டேன்.

ஆடிக் கிருத்திகைக்கு அம்மா பழனிக்குப் போய்விட்டு நாலு டப்பா பஞ்சாமிர்தம் வாங்கி வந்தார். இது சேருமா, சேராதா? ஸ்டூலில் உட்கார்ந்து அரை நாள் யோசித்தேன். வாழைப்பழம், பழம். பேரீச்சம்பழம், பழம். சர்க்கரை கரும்பிலிருந்து வருகிறது, தேன் பூவிலிருந்து வருகிறது, இரண்டும் காய்க்கும் பழத்துக்கும் சொந்தக்காரர்கள். நெய் மட்டும்தான் மாட்டிலிருந்து வருகிறது, அந்த மாடும் பச்சைப் புல்லைத்தான் தின்கிறது. பெரும்பான்மை பழத்தின் பக்கம். நாலு டப்பாவும் நாலு நாளில் காலி. அம்மாவுக்கு ஒரு கரண்டி கொடுத்ததாக ஞாபகம். அவர் அதைக் கடைசி வரை ஒப்புக்கொண்டதில்லை.

இதற்கிடையில் கம்பெனியில் ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. ரங்கசாமி அண்ணன் வாரம் ஒரு முறை புது மாடலில் ஒரு பனியன் தைத்து, சலவைக்குப் போய் வந்ததும் எனக்குப் போட்டுப் பார்ப்பார்.

"அக்குள்ல புடிக்குதுங்களா?"

"கொஞ்சம் புடிக்குதுங்கண்ணா."

"நெஞ்சுல?"

"அங்கயும் லேசா இழுக்குதுங்க."

உலகத்தில் வேறு எந்த ஊராக இருந்தாலும் ஒருவன் 'இவன் பெருத்துவிட்டான்' என்று சொல்லியிருப்பான். திருப்பூரில் அந்த எண்ணமே யாருக்கும் வராது. பனியன் பிடிக்கிறது என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான்: துணி சுருங்கியிருக்கிறது.

"சலவையில சுருக்கிப்போட்டானுங்க" என்று ரங்கசாமி அண்ணன் பனியனை எடுத்துக்கொண்டு சலவைப்பட்டறைக்குப் போய்ச் சண்டை போட்டார். சலவைப்பட்டறைக்காரர், நூல் சரியில்லை என்றார். நூல்காரர், நொய்யல் தண்ணீர் முன்போல் இல்லை என்றார். நொய்யல் ஆறு பதில் சொல்லவில்லை. கடைசியில் ரங்கசாமி அண்ணன், "சுருங்கறது சுருங்கட்டும், நாம சுருக்கத்துக்கும் சேத்து எச்சா வெட்டிக்கலாம்" என்று வெட்டு அட்டையை ஒரு விரற்கடை அகலமாக்கினார். அடுத்த வாரம் மறுபடி பிடித்தது. இன்னொரு விரற்கடை. அதற்கடுத்த வாரம் இன்னொன்று.

நானும் துணியைத்தான் சந்தேகப்பட்டேன், என் மேல் சத்தியமாக. உடம்பு போட்டிருந்தால் எனக்குத் தெரியாதா? தெரியாது. ஏனென்றால் நான் வேட்டி கட்டுகிறவன். வேட்டிக்கு எல்லா இடுப்பும் ஒன்றுதான், அது யாரையும் காட்டிக்கொடுக்காது. எங்கள் வீட்டுக் கண்ணாடியும் முகம் மட்டும் தெரிகிற சின்னக் கண்ணாடி. அதில் முகம் கொஞ்சம் பளபளப்பாகத் தெரிந்தது. பழத்தின் சத்து என்று சந்தோஷப்பட்டேன்.

மெட்ராஸ்காரர் வரும் நாளும் வந்தது. அம்மா காலையிலேயே முருகனுக்கு விளக்குப் போட்டு, என் நெற்றியில் திருநீறு பூசி, வாயில் ஒரு வாழைப்பழத்தையும் வைத்து அனுப்பினார்.

அவர் ஒல்லியான மனிதர். தங்க ஃபிரேம் கண்ணாடி, மெல்லிய குரல். முதலாளி அறையில் அவரும் முதலாளியும் ரங்கசாமி அண்ணனும் இருக்க, மடித்து வைக்கும் பெண்கள் எட்டுப் பேரும் கதவோரத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் புதுப் பனியனைப் போட்டுக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே வந்து நின்றேன். கையை விரித்தேன். திரும்பினேன். குனிந்து நிமிர்ந்தேன். பனியன் என் மேல் பூப்போல உட்கார்ந்திருந்தது.

"அருமையா இருக்கு" என்றார் மெட்ராஸ்காரர். "எம்பத்தஞ்சுதானே?"

"நூல் பிசகாதுங்க" என்றார் ரங்கசாமி அண்ணன், என் தோளில் தட்டி.

"நானும் எம்பத்தஞ்சுதான். கொடுங்க, ஒண்ணு போட்டுப் பார்க்கறேன்."

அவர் சட்டையைக் கழற்றினார். அதே கட்டிலிருந்து இன்னொரு பனியனை வாங்கிப் போட்டார். மேலே மின்விசிறி கிறீச் கிறீச் என்று சுற்றியது. அந்தக் காற்றில் அவர் மேல் இருந்த பனியன், கொடியில் காயப்போட்ட துணியாட்டம் ஆடியது. கழுத்து ஒரு பக்கம் சரிந்து தோள் தெரிந்தது. கை முழங்கையைத் தொட்டது.

"இது எம்பத்தஞ்சா?" என்று அதே மெல்லிய குரலில் கேட்டார்.

முதலாளி ரங்கசாமி அண்ணனைப் பார்த்தார். ரங்கசாமி அண்ணன் என்னைப் பார்த்தார். முதல் முறையாக என்னை, என் பனியனை அல்ல, என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் ஏதோ புரிகிற மாதிரி இருந்தது. கை தானாக டேப்பைத் தேடியது.

அங்கேயே நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதை பாதியாகக் குறைந்திருக்கும். ஆனால் ஸ்டூல் போகிறது, மின்விசிறி போகிறது, அம்மா தெருவில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பார்? "மொதலாளி, நான் அதே எம்பத்தஞ்சுதானுங்க! துணிதானுங்க மோசம் பண்ணுது! அந்த ஒண்ணாம் நம்பரை எடுங்க, இப்பவே போட்டுக் காட்டறேன்!" என்று கத்தினேன்.

பீரோ திறந்தது. ஒண்ணாம் நம்பர் வெளியே வந்தது. நாற்பது நாளுக்கு முந்தைய என் உடம்புக்கு வெட்டிய பனியன், வைத்த மடிப்புக் கலையாமல் இருந்தது. நான் இரண்டு கையையும் உள்ளே விட்டேன், தலையை நுழைத்தேன், ஒரே இழு.

தோளோடு நின்றுவிட்டது.

இன்னும் இழுத்தேன். கீழே வரவில்லை. சரி, கழற்றிவிடலாம் என்று மேலே இழுத்தேன். மேலேயும் போகவில்லை. இரண்டு கையும் வானத்தைப் பார்த்து நிற்க, தலை பனியனுக்குள் மாட்டிக்கொள்ள, மார்பிலிருந்து கீழே நாற்பது நாள் காயும் பழமும் தேங்காயும் பஞ்சாமிர்தமும் சபைக்கு முன்னால் வெளிப்படையாக நின்றன. பயத்தில் வியர்த்தது. வியர்க்க வியர்க்கத் துணி இன்னும் ஒட்டியது. உள்ளே எல்லாம் ஒரே வெள்ளை. புதுத்துணி வாசம். வெளியே பெண்கள் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது, பிறகு அடக்க முடியாத சத்தமும் கேட்டது.

"எம்பத்தஞ்சுதானுங்க!" என்று பனியனுக்குள்ளிருந்து சொன்னேன். "சுருங்கிருச்சுங்க!"

முதலாளி ஒரு பக்கமும் ரங்கசாமி அண்ணன் ஒரு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். மெட்ராஸ்காரரும் வந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் சேர்ந்து இழுத்ததில் நான்தான் வந்தேன், பனியன் வரவில்லை. ஸ்டூல் கவிழ்ந்தது. எனக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. இப்படியே செத்துப்போனால் அம்மாவிடம் என்னவென்று சொல்வார்கள் என்று நிஜமாகவே யோசித்தேன்.

அப்போது காதுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குரல் கேட்டது.

"சித்தெ அசையாம நில்லுங்க. ஆடினீங்கன்னா காதை வெட்டிப்போடுவேன்."

பிசிறு வெட்டுகிற சின்னக் கத்தரியின் குளிர்ச்சி கழுத்தில் பட்டது. சர்ர்ர் என்று ஒரே வெட்டு. வெளிச்சம் வந்தது. எதிரே நீலத் தாவணியில் ஒரு பெண், கையில் கத்தரியோடு. குன்னத்தூரிலிருந்து வேலைக்கு வருகிற சரஸ்வதி. ஒரு வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ரங்கசாமி அண்ணன் டேப்பை என் மார்பில் வைத்தார். தொண்ணூற்று இரண்டு. இரண்டாம் தரம் வைத்துப் பார்த்தார். டேப் பொய் சொல்லும் என்ற கொள்கையை அந்த நிமிஷம் கைவிட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

"என்னப்பா சாப்பிட்டே?" என்றார் மெட்ராஸ்காரர்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "சோறே திங்கறதில்லீங்க. நாப்பது நாளா வெறும் பழமும் காயுந்தானுங்க. பழந்தின்னா எப்படீங்க சதை போடும்?"

சரஸ்வதிதான் கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னாள்:

"அன்னைக்குப் பழத்தைத் தின்னவரு பிள்ளையாரு. கெடைக்காமக் கோவிச்சுட்டு மலை ஏறுனவரு நம்ம முருகன். ரெண்டு பேரு வயித்தையும் பாத்தாத் தெரியாதுங்களா?"

மெட்ராஸ்காரர் சிரித்தார். அந்த மெல்லிய குரலுக்குள் அப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். முதலாளியும் சிரித்தார். நான் கூடச் சிரித்தேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

சிரித்து ஓய்ந்ததும் அவர் குனிந்து, தரையில் கிடந்த ஒண்ணாம் நம்பரை எடுத்தார். வெட்டுப்பட்ட இடத்தை விட்டுவிட்டு அக்குளையும் தோளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு கையாலும் இழுத்தார்.

"மூணு பேர் இழுத்தோம். ஒரு தையல்கூட விடலையே" என்றார். "இதே மாதிரி போடுங்க. இதை வெட்டின அளவுலயே வெட்டுங்க, நான் போட்டுப் பார்த்த அந்தப் பனியன் அளவுல வேண்டாம்."

ஆர்டர் வந்துவிட்டது. எனக்கு மட்டும் ஸ்டூல் போய்விட்டது.

மறுநாள் முதலாளி தச்சரை வரவழைத்து, மரத்தில் ஒரு மார்பு செய்யச் சொன்னார். தலை இல்லை, கை இல்லை, சரியாக எண்பத்தைந்து. அதைக் கொண்டுவந்து மின்விசிறிக்குக் கீழே, என் இடத்தில் வைத்தார்கள். முதலாளி அதை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, "இது பழந்திங்காதில்ல?" என்று கேட்டாராம். கம்பெனியில் அதற்குப் பழனிச்சாமி என்று பெயர் வைத்தார்கள். என் பெயர் தொண்ணூத்திரெண்டு ஆனது.

குடோனுக்குத் திரும்பினேன். மூட்டை தூக்கினேன். சோறும் தின்றேன், பழமும் தின்றேன், கீரையும் கொள்ளும்கூடத் தின்றேன். மூன்று மாதத்தில் உடம்பு தானாக இறங்கிவிட்டது. அப்போதுதான் உறைத்தது: கம்பவுண்டர் சொன்னது தப்பில்லை, பழத்தின் மேலும் பாதிக்கு மேல் குற்றமில்லை. ஒரு சீப்பு தின்கிறவன் ஒரு மூட்டையாவது தூக்க வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு தேங்காயைக் காய் என்று நம்பினால் அது கொழுப்பாகத்தான் வந்து சேரும். ஒரு நாள் நானே டேப்பை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போய், "மறுபடி எம்பத்தஞ்சு ஆயிட்டனுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார்.

"அது எப்பவுமே எம்பத்தஞ்சு தம்பி" என்றார்.

அம்மாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளை யாரு, கத்தரிக்கோல் வெச்சிருந்துச்சே?" என்றார். அடுத்த தை மாதத்தில் குன்னத்தூருக்குப் போய்ப் பெண் கேட்டுவிட்டு வந்தார். சரஸ்வதியின் அப்பா, "பையன் குடோன்ல மூட்டை தூக்கறானாமா?" என்று இழுத்தாராம். அவள் உள்ளே இருந்தே, "தூக்கட்டுமுங்கப்பா. உக்காந்தாத்தான் ஆபத்து" என்றாளாம். கல்யாணத்தன்று மாமா மடத்துக்குளத்திலிருந்து பந்தலுக்குக் கட்ட இரண்டு வாழைத்தார் அனுப்பினார். என்னை அதன் பக்கமே விடவில்லை.

வெட்டுப்பட்ட ஒண்ணாம் நம்பர் இன்னும் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு மருமகனோ மருமகளோ புதிதாக வந்தால், முதல் தீபாவளிக்கு அதை வெளியே எடுத்துக் கதை சொல்வது சரஸ்வதியின் வழக்கம். அந்தக் கத்தரியால் என்னை வெளியே எடுத்தவள்மேல் எனக்கு ஐம்பது வருஷமாகத் தீராத பிரியம். அதனால் அவள் எத்தனை முறை சொன்னாலும் உட்கார்ந்து கேட்கிறேன்.

போன மாதம் சர்க்கரை டாக்டரிடம் போயிருந்தோம். சின்ன வயதுப் பெண் டாக்டர். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "அரிசியைக் குறைச்சுக்குங்க ஐயா. காயும் பழமுமா எடுத்துக்குங்க" என்றார்.

நான் சரி என்று எழுந்துவிட்டேன். சரஸ்வதி எழவில்லை.

"அம்மிணி, எந்தெந்தக் காய், எந்தெந்தப் பழம்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துருங்க" என்றாள். "இவருக்குத் தமிழ் நெம்ப நல்லா வரும்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தபடி நின்றேன்.